ஒன்பது மணி இடிமழை

பல் டாக்டருக்கு வானம் தெரிய வந்தது நாற்பத்தேழாவது வயதில். அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் வாய். வருடக்கணக்காகக் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவருக்கும் பிடித்துக்கொண்டது. தைலத்தைத் தடவிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவருடைய முந்தைய சாதனைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். வயலின் கற்றுக்கொண்டார், மாடியில் குடியிருந்தவர்கள் வீடு மாறியதும், கேட்க ஆளில்லை என்று விட்டுவிட்டார். மீன் தொட்டி வைத்தார். மீன்கள் தங்கள் பங்குக்கு அவரை விட்டுவிட்டுப் போயின. தொட்டி இப்போது கிளினிக் வரவேற்பறையில், குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் பல் துலக்கிகளைத் தாங்கி நிற்கிறது. ரொட்டி சுடும் அடுப்பு வாங்கினார். முதல் ரொட்டியைக் கடித்த விருந்தாளி மறுநாள் நோயாளியாக வந்தார். எல்லாம் இப்போது பரணில்.

கிளினிக் வாசலில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் அவருடைய மனைவி. விமானம் பற்றிய செய்தியைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"றெக்கையைக் கழட்டினா வைக்கலாம்," என்றார்.

"இது அந்த மாதிரி இல்ல," என்றார் டாக்டர்.

"வயலினும் அந்த மாதிரி இல்லன்னுதான் சொன்னீங்க."

பயிற்சிப் பள்ளியில் பாடங்கள் பல. இயந்திரம் பற்றி ஒன்று, சட்டதிட்டம் பற்றி ஒன்று, வழி கண்டுபிடிப்பது பற்றி ஒன்று. டாக்டருக்குத் தலைக்கேறியது வானிலைப் பாடம். அதற்குக் காரணம், அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது. அவரைப்போல் வசதியான மாணவர்களைப் பெற்ற ஆசிரியர் உலகத்தில் கிடையாது: நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, நாக்கு மரத்துப்போய்.

"காத்துக்குப் பேர் வைக்கிறதே அது எங்கேர்ந்து வருதுங்கறதை வச்சுத்தான். மேற்குக் காத்துன்னா மேற்கே போற காத்து இல்ல, மேற்கேர்ந்து வர்ற காத்து. வலிக்குதா?"

"ஆ... ஆ..."

"அதேதான். எல்லாரும் அப்படித்தான் தப்பா நினைச்சுட்டு இருக்காங்க."

வேர் சிகிச்சைக்கு வந்தவர்கள் மேகத்தின் வகைகளைத் தெரிந்துகொண்டு போனார்கள். கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்ட ஒருவர், சூடான காற்றுக்கு அடியில் குளிர்ந்த காற்று ஆப்புபோல் நுழைந்து அதை மேலே தள்ளுவது எப்படி என்பதைத் தன் பல்லிலேயே உணர்ந்தார்.

வீட்டிலும் தப்ப முடியவில்லை. குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் அது ஆவி இல்லை, பாடம். "காத்து குளிர்ந்துக்கிட்டே வந்து, இதுக்கு மேல ஈரத்தைத் தாங்க முடியாதுங்கற இடம் ஒண்ணு இருக்கு பாரு, அதுதான் பனிநிலை. வெப்பமும் பனிநிலையும் நெருங்கி வந்துச்சுன்னா மூடுபனி வரப்போகுதுன்னு அர்த்தம்."

"கண்ணாடியைத் துடைச்சுட்டு வாங்க."

உயரமானியும் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைச் சொல்கிறது. அந்தந்த இடத்து அழுத்தத்தை அதற்குத் திருகிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "அழுத்தம் குறைஞ்ச ஊருக்கு வந்தப்புறமும் பழைய கணக்குலயே விட்டுட்டோம்னா, நாம நெஜமா இருக்கறதைவிட உயரத்துல இருக்கறதாக் காட்டும்," என்றார் டாக்டர்.

"அந்த வியாதி உயரமானிக்கு மட்டும் இல்லீங்க," என்று மனைவி குழம்பை நகர்த்தி வைத்தார்.

இந்த ஆர்வத்தின் உச்சம்தான் கைக்கடிகாரம். விமானிகளின் வானிலை அறிக்கைகள் எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக நேரத்தில் வரும். அந்த ஊர்க் கடிகாரமோ உலக நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் ஓடுவது. ஒவ்வொரு முறையும் ஆறைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பானேன் என்று, டாக்டர் தன் கடிகாரத்தையே உலக நேரத்துக்கு மாற்றி வைத்துவிட்டார். அறிக்கையைப் பார்ப்பது, மணிக்கட்டைப் பார்ப்பது, தீர்ந்தது வேலை. தெருவில் யாராவது மணி கேட்டால் மட்டும் சிறிது நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

மனைவியின் தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவன். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போதே மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதை நேரில் கண்டவன். "அத்தான், உங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தது நான். எத்தனை தூணு போச்சு, ஞாபகம் இருக்கா?" என்பான்.

"மேல தூணே கிடையாது, மச்சான்."

"அந்த ஒரு தைரியத்துலதான் நானும் சும்மா இருக்கேன்."

விமானம் சொல்லிக்கொடுத்தவர் டாக்டரின் வயதில் பாதிகூட இல்லாத பெண். டாக்டர் அவரை மேடம் என்பார். பேச்சு குறைவு, அதிலும் பாதி "சரி." அவரிடம் ஒரு வழக்கம் உண்டு, பள்ளியில் எல்லோரும் அறிந்தது. தனியாகப் பறக்கும் நாளில் போவதா வேண்டாமா என்று மாணவர்தான் முதலில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் மேடம் "சரி" என்பார். ஏன் என்று கேட்கமாட்டார். "காரணத்தைக் கேட்டா அதை உடைக்கணும்னு தோணும். உடைச்சா அந்த ஆளைத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும். போறேங்கறவங்களைத் தடுப்பேன், வேண்டாங்கறவங்களை ஒருநாளும் தள்ளமாட்டேன்." போகிறேன் என்றால் அப்போதும் ஒன்றும் பேசமாட்டார். விமானத்தை ஓடுபாதை முனைவரை ஓட்டிச்சென்று, நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் சுற்றி, வானம் முழுவதையும் பார்க்கச் சொல்வார். என்ன பார்த்தீர்கள் என்ற கேள்வி அப்போதுதான் வானொலியில் வரும். வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காகிதம் மட்டும்தான் தெரியும், ஓடுபாதை முனையில் நிற்பவனுக்கு வானமும் தெரியும் என்பது அவர் கணக்கு.

உரிமத்தேர்வுக்கு முன் டாக்டருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பயணம். தனியாக வேறொரு விமான நிலையம்வரை போய்த் திரும்ப வேண்டும். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை. அன்னிக்குப் போயிட்டு வந்துட்டீங்கன்னா பரீட்சையும் எழுதுங்க, நான் வாயே திறக்கல. அன்னிக்கும் ஏதாவது சாக்கு சொன்னீங்கன்னா, இதுவும் பரணுக்குத்தான். ஞாயித்துக்கிழமையும் கிளினிக் திறக்கறோம்."

ஆகவே பணயமாக இருந்தது விமானம் மட்டுமல்ல. எதையும் பாதியில் விடுகிறவர் என்று ஒரு மனிதருக்கு அவர் வீட்டிலேயே பெயர் விழுந்துவிட்டால், பிறகு அவர் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டாலும் ஆச்சரியப்படுவார்கள். அந்தப் பெயரைக் கழுவ டாக்டருக்கு ஒரு ஞாயிறு கிடைத்திருந்தது.

இந்த வைபவத்தைக் காண முந்தின நாள் மாலையே மாமனார் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வேலையை விட்டு வந்த பிறகும் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பவர். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர், அலமாரிமேல் மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் கிடப்பதைக் கண்டார். எடுத்துப் பார்த்தார். ஆறு மணி நேரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. தப்பான நேரம் காட்டும் கடிகாரம் அவருக்கு, அழுகிற குழந்தை மாதிரி. யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். திருகைப் பிடித்து, நேரத்தைத் துல்லியமாகச் சரிசெய்து, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். நல்ல காரியம் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை குடும்பமே பயிற்சிப் பள்ளியின் கம்பிவேலி ஓரம் நின்றது. வானம் துவைத்துக் காயப்போட்ட நீலத்தில் இருந்தது. மேற்கே அடிவானத்தில் பஞ்சுத் துண்டுகள்போல் இரண்டு மூன்று மேகம். மச்சான் தன் பள்ளிக் காரிலேயே வந்திருந்தான். கூரைமேல் "கற்றுக்கொள்கிறோம், பொறுத்தருள்க" என்ற பலகை.

டாக்டர் உள்ளே போய் வானிலை அறிக்கையைக் கையில் எடுத்தார். காற்று இலேசு. பார்வைத் தூரம் நன்று. அதற்குக் கீழே: ஒன்பது முதல் பன்னிரண்டுவரை இடியுடன் கூடிய மழை. மணிக்கட்டைப் பார்த்தார். எட்டு இருபது.

நிதானமான மனிதனாக இருந்தால், உலக நேரம் எட்டு இருபது என்றால் உள்ளூரில் மத்தியானம் இரண்டு இருபது ஆகியிருக்க வேண்டுமே, நான் இன்னும் காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடவில்லையே என்று யோசித்திருப்பான். ஆனால் வேலி ஓரம் மாமனார், மனைவி, மச்சான் மூன்று பேரும் நின்று பார்க்கிற மனிதன் யோசிக்கமாட்டான். ஒப்பிட மட்டும்தான் செய்வான். எதற்காகக் கடிகாரத்தை மாற்றி வைத்தாரோ அதையே செய்தார் டாக்டர். காகிதத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். இன்னும் சற்று நேரத்தில் இடிமழை.

மேடத்திடம் போனார். "இப்ப வேண்டாம் மேடம்."

மேடம் ஜன்னல் வழியே நீல வானத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "சரி," என்றார்.

வேலி ஓரம் அப்படி முடியவில்லை.

"ஒன்பது மணிக்கு இடிமழை வருது," என்று அறிவித்தார் டாக்டர்.

மச்சான் மேலே பார்த்தான். நெற்றியில் கையை வைத்து நாலு திசையும் பார்த்தான். "எங்கேர்ந்து அத்தான்? லாரில வருதா?"

"அறிக்கையில இருக்கு."

"குடை கொண்டாந்திருக்கலாம் அக்கா. அத்தான் முன்னாடியே சொல்லியிருந்தா படகே கொண்டாந்திருக்கலாம்."

மனைவி கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, அடுத்த ஞாயிறு யாருக்கெல்லாம் பல் சுத்தம் செய்ய வரச்சொல்லலாம் என்று பார்க்க ஆரம்பித்தார்.

"பன்னெண்டுக்கு அப்புறம் தெளிஞ்சுடும். சாப்பிட்டுட்டுப் போறேன்," என்றார் டாக்டர் அவசரமாக.

ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. இவ்வளவு அழகான காலைநேரம் அந்த ஊருக்கு வாய்ப்பதே அபூர்வம். மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் போய், சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார்கள். டாக்டர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, வராத மழைக்காக மானசீகமாக மன்றாடிக்கொண்டிருந்தார். ஒரு தூறல் போட்டால்கூடப் போதும், மானம் பிழைக்கும். வெயில்தான் ஏறியது. சிற்றுண்டிச் சாலையில் சாண்ட்விச் சாப்பிடும்போது மச்சான் தன் தட்டை இழுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"என்னடா பண்றே?" என்றார் அவன் அக்கா.

"நனைஞ்சிடும்க்கா."

டாக்டரின் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியது, இரண்டு தாண்டியது. அறிக்கைப்படி ஆபத்து முடிந்துவிட்டது. வராமலே முடிந்தது வேறு விஷயம். மேடத்திடம் நிமிர்ந்து நின்று, "போறேன் மேடம்," என்றார்.

"சரி. முனைவரைக்கும் ஓட்டிட்டுப் போய் ஒரு சுத்து சுத்திப் பாருங்க." மேடம் கைவானொலியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து நின்றார்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். வேலி ஓரம் மாமனார் பச்சைக்கொடி காட்டுகிற பாவனையில் கையைத் தூக்கினார். மனைவிகூடக் கைபேசியை இறக்கிவிட்டுப் பார்த்தார். டாக்டர் ஓடுபாதை முனைக்கு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மெதுவாக விமானத்தைத் திருப்பினார்.

கிழக்கு, சுத்தம். வடக்கு, சுத்தம். மேற்கு வந்தது.

காலையில் பஞ்சுத் துண்டாக இருந்தவை இப்போது பஞ்சுத் துண்டாக இல்லை. காலிஃப்ளவர்போல் கொப்புளம் கொப்புளமாக மேலே மேலே வீங்கி, உச்சியில் எதிலோ முட்டிக்கொண்டதுபோல் தட்டையாகப் பரவி நின்றது ஒன்று. அதன் அடிவயிறு காய்ந்த ரத்தத்தின் நிறம். புத்தகத்தில் பார்த்திருந்தார், நோயாளிகளுக்குக் காற்றில் விரலால் வரைந்தும் காட்டியிருந்தார். கார்முகில். ஆனால் வாயைத் திறந்தபடி யாரும் எதிரே இல்லாத இடத்தில் அதை அவர் பார்ப்பது இதுதான் முதல்தடவை.

அறிக்கைதான் முடிந்துவிட்டது என்கிறதே என்று ஒரு மனம். இரண்டாம் முறையும் திரும்பிப் போனால் பரண்தான் என்று அதே மனம். வேலி ஓரம் மூன்று சின்ன உருவங்கள்.

காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் இருந்தது. பகல் முழுக்கக் கிழக்கிலிருந்து வீசிய காற்றில் மேற்கே வாலை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சோர்ந்து தொங்கிற்று. சிறிது நேரம் அசைவே இல்லை. பிறகு ஒருதரம் துடித்து, வாலை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. திறந்திருந்த பக்கவாட்டு ஜன்னல் வழியே சில்லென்று ஒரு காற்று, மண் வாசனையோடு.

டாக்டருக்கு அப்போது ஞாபகம் வந்தது வானிலைப் பாடம் அல்ல, ஒரு நோயாளி. எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. ஆளோ துடிக்கிறான். அந்த மாதிரி நேரத்தில் அவர் ஒருபோதும் எக்ஸ்ரேயை நம்பியதில்லை. வலிக்கிறது என்கிற மனிதனிடம் வலிக்கவில்லை என்று படம் காட்டுகிறவன் டாக்டரே இல்லை.

வானொலி கரகரத்தது. "என்ன பார்த்தீங்க டாக்டர்?"

"திரும்பி வர்றேன் மேடம்."

"சரி."

வேலிக்கு அருகே வந்து இறங்கியபோது மச்சான் தயாராக இருந்தான். "என்னத்தான், மேலயும் தூணு தெரிஞ்சுதா?"

"விமானத்தைக் கட்டணும். வந்து கயித்தைப் பிடி."

அந்தக் குரலில் மச்சான் ஒருநாளும் உத்தரவு வாங்கியதில்லை. போய்ப் பிடித்தான். கடைசி முடிச்சு விழுவதற்குள் மேற்கு இருண்டது. எல்லோரும் வகுப்பறைக்கு ஓடினார்கள். மூன்று மணிக்கு முதல் இடி விழுந்தது. அதன்பின் மின்னல் வெட்டும்போது மட்டும்தான் வெளியே கண்ணுக்குத் தெரிந்தது. கட்டிப்போட்ட விமானங்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு குதித்தன. மச்சானின் காரிலிருந்து பலகை பிய்ந்து, பயிற்சி எதுவும் இல்லாமலே ஓடுபாதைக்குக் குறுக்கே பறந்து போயிற்று. பொறுத்தருள்வார் யாருமில்லை.

மச்சான் அதைப் பார்த்தான். பிறகு, "அத்தான், இந்நேரம் நீங்க எங்க இருந்திருப்பீங்க?" என்றான், கேலியே இல்லாமல்.

டாக்டர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம் காட்டின.

"மேடம், இது உலக நேரத்துல இல்ல," என்று கடிகாரத்தை நீட்டினார். "காலையில போயிட்டே வந்திருக்கலாம். மத்தியானம்தான் போயிருக்கக் கூடாது. நான் தலைகீழா..."

"தெரியும்," என்றார் மேடம்.

"காலையிலயே தெரியுமா?"

"தப்பு பண்றீங்கன்னு தெரியும். என்ன தப்புன்னு தெரியாது. வேண்டாங்கறவங்களைக் கேக்கறதில்லையே." கைவானொலியை மேசைமேல் வைத்தார். "மத்தியானம் நீங்களா திரும்பலேன்னா நான் திருப்பியிருப்பேன். பட்டன் மேலதான் விரல் இருந்தது. கடிகாரத்தை யார் மாத்தினது?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "நேத்து ராத்திரி பாத்தேன் மாப்பிள்ளை, ஆறு மணி நேரம் ஸ்லோவா ஓடிட்டிருந்துச்சு. நான்தான் சரி பண்ணி வச்சேன். இப்ப கரெக்டா ஓடுதுல்ல?"

இத்தனை வருட மாப்பிள்ளை வாழ்க்கையில் இப்படி ஒரு பிடி டாக்டருக்குக் கிடைத்ததில்லை. மச்சான் ஆவலோடு பார்த்தான். மனைவியும் பார்த்தார்.

"ரொம்ப கரெக்டா ஓடுது மாமா," என்றார் டாக்டர். மேடத்தின் பக்கம் திரும்பினார். "கையில கட்டினது நான். பாக்காம கட்டினதும் நான்தான்."

"சரி," என்றார் மேடம். அவர் அதுவரை சொன்ன சரிகளிலிருந்து அது கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததாக டாக்டர் பிற்காலத்தில் பல நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார். யாரும் மறுத்ததில்லை.

மாமனாருக்கு ஒரு விஷயம்தான் புரியவில்லை. "எதுக்கு மாப்பிள்ளை தப்பு தப்புங்கறீங்க? ஒன்பது மணிக்கு இடிமழைன்னு சொன்னீங்க. வந்துச்சா இல்லையா?"

"அது மூணு மணிக்கு வந்துச்சு மாமா."

"அதனால என்ன? ஒன்பது மணி வண்டி மூணு மணிக்கு வந்தா, அது ஒன்பது மணி வண்டி இல்லேன்னு ஆயிடுமா? என் சர்வீஸ்ல எத்தனை பாத்திருக்கேன். வண்டி சரிதான். லேட்டு, அவ்வளவுதான்." அவர் ஜன்னலருகே போய், வந்துசேர்ந்த மழையைத் திருப்தியோடு பார்வையிட்டார். மாப்பிள்ளை வானிலை சொன்னால் வந்தே தீரும் என்று அன்றைக்கே உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தகவல் போயிற்று. டாக்டர் எவ்வளவோ மறுத்தும் அந்தப் புகழைத் தடுக்க முடியவில்லை. இன்றும் அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு நாள் குறிக்குமுன் அவரை ஒரு வார்த்தை கேட்கிறார்கள். அவர் சொல்வதோடு ஆறு மணி நேரம் கூட்டிக்கொள்கிறார்கள்.

மழை விட்டதும் மாமனார் மச்சானோடு போய்விட்டார். தங்கள் காரை மனைவிதான் ஓட்டினார். டாக்டர் மடியில் கடிகாரத்தை வைத்து, முள்ளை ஆறு மணி நேரம் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பி முடித்ததும் இரண்டுமுறை சரிபார்த்தார்.

"அப்ப, பரண்ல இடம் பண்ணிடலாம்," என்றார், கீழே பார்த்தபடியே.

மனைவி சிக்னலில் காரை நிறுத்தினார். "வயலினை விட்டப்போ, மீனை விட்டப்போ, யாராவது பாத்துட்டு இருந்தாங்களா?"

"இல்ல."

"இன்னிக்கு ரெண்டு தடவை போகலேன்னு திரும்பி வந்து நின்னீங்க. என் தம்பி முன்னாடி." பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

டாக்டர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

"உங்க கடிகாரத்தைப் பாத்துச் சொல்லாதீங்க," என்றார் மனைவி. "நான் எத்தனை மணிக்கு அலாரம் வைக்கணும்னு சொல்லுங்க. அப்பாவைக் கூட்டிட்டு வரப்போறதில்ல."